837 வெள்ளி ரியா, 90 வெள்ளி மெர்சிடிஸ்: சுங்கை சிப்புட்ல ஒரு ரோட் டேக்ஸ் ஆய்வு

கேஸ் என்னன்னு மொதல்ல நேரா சொல்லிடறேன். ரெண்டு காடி, அதாவது கார், ரெண்டுமே மலேசியாவுல பேராக் மாநிலத்து சுங்கை சிப்புட் காடி. ஒண்ணு நாஸா ரியா 2.5, வேன் மாதிரி பெரிய காடி, இருபது வருஷம் கிட்ட ஓடின வண்டி, தோட்டத்துல பொறந்து வளந்து இப்ப டவுன் ஓரத்துல மலிவு வீட்டுல இருக்கற ஒரு அண்ணனோடது. இன்னொண்ணு மெர்சிடிஸ் சி200, 1.5 லிட்டர் டர்போ, டவுன்ல நல்லா பிஸ்னஸ் ஓடற ஒருத்தரோடது. ரியாவுக்கு ஒரு வருஷ ரோட் டேக்ஸ் 837 வெள்ளி (ரிங்கிட்) 60 காசு. மெர்சிடிஸுக்கு 90 வெள்ளி.

யாரும் ஏமாத்தல, கம்ப்யூட்டர்ல தப்பா வரல, சட்டப்படி சரியான கணக்குதான். நான் இன்ஷூரன்ஸ், ரோட் டேக்ஸ் புதுப்பிக்கற சின்ன கடை வெச்சிருக்கேன், இந்த மாதிரி ரசீதெல்லாம் என் கையாலதான் பிரிண்ட் ஆகுது, அதனால எது எந்தக் கணக்குல வருதுன்னு மனப்பாடம். ரியா அண்ணன் கேட்டது ஒரே கேள்விதான். "ஏன்டா தம்பி, அவன் காடி வெலைக்கு என் காடி மாதிரி இருவது முப்பது வாங்கலாம், எனக்கு ஏன் ஒம்பது மடங்கு?" அதுக்கு பதில் தேடப் போயி, ரோட் டேக்ஸ், எண்ணெ, லோரி, கரண்ட் காடின்னு எல்லாத்தையும் கிளற வேண்டியதாப் போச்சு.

மொதல்ல ரேட்டு. தீபகற்பத்துல சொந்தப் பேர்ல இருக்கற சாதாரண காடிக்கு ரோட் டேக்ஸ் முழுக்க சிசி, அதாவது எஞ்சின் சைஸ், கணக்கு. 1000 சிசி வரைக்கும் 20 வெள்ளி, ஆக்ஸியா வெச்சிருக்கறவங்களுக்கு இதான். 1200 வரைக்கும் 55, 1400 வரைக்கும் 70, 1600 வரைக்கும் 90. சாகா 1.3, மைவி 1.3 எல்லாம் 70க்குள்ள வந்துடும். 1600 தாண்டினாத்தான் படி ஏறும், மொதல்ல 200 வெள்ளி, மேல ஒவ்வொரு சிசிக்கும் 40 காசு, 1800 தாண்டினா 280ம் சிசிக்கு 50 காசும், 2000 தாண்டினா 380ம் சிசிக்கு ஒரு வெள்ளியும், 2500 தாண்டினா 880ம் சிசிக்கு ரெண்டரை வெள்ளியும், இப்படியே போகும். பழைய பெர்டானா வி6க்கு 379 வெள்ளி, பழைய கேம்ரி 2.4க்கு 742. எம்பிவி, எஸ்யுவி மாதிரி வண்டிக்கு வேற பட்டியல், அதுல ரியாவோட 2497 சிசிக்கு 440 வெள்ளியோட, 2000க்கு மேல இருக்கற 497 சிசிக்கு தலா 80 காசு. கூட்டிப் பாருங்க, 837.60 வரும். மோட்டர், அதாவது மோட்டர்சைக்கிள், 150 சிசி வரைக்கும் வருஷத்துக்கு 2 வெள்ளிதான், இந்த ஒண்ண நான் குறையே சொல்ல மாட்டேன்.

சிசி கணக்கு ஒரு காலத்துல நியாயமாத்தான் இருந்திருக்கும். பெரிய எஞ்சின் வெச்சிருந்தவன் பெரிய பணக்காரன், பெரிய வண்டி, நெறைய எண்ணெ குடிக்கும், ஒரே நம்பர்ல எல்லாத்தையும் பிடிச்சிடலாம். டர்போ வந்ததும் அது ஒடஞ்சி போச்சு. 1.5 லிட்டர் டர்போ இன்னிக்கு பழைய 2.5 செய்யற வேலைய செய்யும், ஆனா ரசீதுல அது பழைய ஈஸ்வரா 1.5 கூட சேர்ந்து நிக்கும், ரெண்டுக்கும் 90. சட்டி சைஸப் பாத்து சாப்பாட்டுக்குக் காசு வாங்கற கடை மாதிரிதான் இது, உள்ள பழங்கஞ்சியா பிரியாணியான்னு யாரும் தெறந்து பாக்கறதில்ல.

இதுல வேடிக்கை என்னன்னா பெரிய எஞ்சின் வண்டிங்க பழசாக ஆக வெலை சரசரன்னு எறங்கும், காரணமே அந்த ரோட் டேக்ஸும் எண்ணெ செலவும்தான். வசதியானவங்க அத வித்துட்டு சின்ன எஞ்சின் புதுசுக்கு போயிடுவாங்க. யாரு வாங்குவா? வீட்டுல ஏழு எட்டு பேரு, கையில காசு கம்மி, அப்படிப்பட்ட குடும்பம்தான் வாங்கும். அதனால பணக்காரனப் பாத்துப் போட்ட வரி, வண்டி கை மாற மாற, இல்லாதவன் வீட்டு வாசல்ல வந்து நிக்குது.

ரியா அண்ணன் வீட்டக் கொஞ்சம் கிட்டத்துல பாப்போம். அவரு, பொண்டாட்டி, மூணு புள்ளைங்க, அம்மா. அம்மா காலத்துல பால்வெட்டு, ரப்பர் போயி செம்பனை வந்ததும் வேலைக்கு வெளிநாட்டு ஆளுங்க வந்துட்டாங்க, லயத்து வீட்ட விட்டு டவுனுக்கு வந்தாச்சு, சுங்கை சிப்புட்ல பாதி குடும்பத்தோட கதை இதான். அண்ணனுக்கு ஈப்போல ஃபேக்டரி வேலை, போக வர சுமார் 60 கிலோமீட்டர், ஷிஃப்ட் வேலைங்கறதால காலைல பஸ் ஓட ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே கெளம்பணும், ராத்திரி முடியும்போது பஸ்ஸும் முடிஞ்சிருக்கும். அதனால ரியாவுல அவரோட இன்னும் அஞ்சு பேர் போறாங்க, அதே ஏரியா, அதே ஷிஃப்ட். மாசம் ஆளுக்கு இவ்வளவுன்னு எண்ணெ காசு குடுப்பாங்க, சம்பளம் லேட்டானா அதுவும் லேட்டு.

ரியா இல்லன்னா அந்த அஞ்சு பேரும் அஞ்சு மோட்டர்ல போவாங்க, மழையில, இருட்டுல, லோரி ஓடற பழைய ட்ரங்க் ரோட்டுல. மலேசியாவுல ரோட்டுல சாகறவங்கள்ல பாதிக்கு மேல மோட்டர்காரங்கதான்னு எல்லாருக்கும் தெரியும், நம்ம ஊர்ல ஒவ்வொரு தெருவுலயும் ஒரு ஃபோட்டோவுக்கு மாலை போட்டிருக்கும். ஆக ஆறு பேர ஒரே வண்டியில, கூரை போட்டு, பத்திரமா கொண்டு போறவருக்குத்தான் 837 வெள்ளி. அதே ரோட்டுல தனியா ஒரு ஆள் போற மெர்சிடிஸுக்கு 90.

மெர்சிடிஸ்காரரு வரியே கட்டலன்னு நான் சொல்லல, அது அநியாயமாப் போயிடும். மலேசியாவுல காடி வாங்கும்போதே வரி கொட்டும், கலால் வரி மட்டும் 60ல இருந்து 105 சதவிகிதம் வரைக்கும், அதுக்கு மேல 10 சதவிகிதம் விற்பனை வரி, வெளிநாட்டுலேர்ந்து முழுசா எறங்கினா இறக்குமதி வரி வேற. அவரு அத மொதல்லயே கட்டிட்டாரு. ஆனா அந்த வரிய எல்லாருந்தான் கட்டறோம். சாகா வாங்கறவனுக்கு உள்நாட்டுத் தயாரிப்புச் சலுகையால கொறையும், இல்லாமப் போகாது. அவன் 9 வருஷ லோன்ல வாங்கறான், காடி வெலைக்குள்ள ஒளிஞ்சிருக்கற வரிக்கும் சேத்துதான் பேங்க் வட்டி போடுது. வரிக்கும் வட்டி கட்டறது ரொக்கமா வாங்க முடியாதவன்தான், இத யாரும் பேசறதே இல்ல. இன்ஷூரன்ஸ்லயும் ஒண்ணு இருக்கு, பிரீமியத்து மேல சர்வீஸ் டேக்ஸ் 2024 மார்ச்ல இருந்து 6 இல்ல, 8 சதவிகிதம். ரோட்டுல ஓட்டணும்னா இன்ஷூரன்ஸ் கட்டாயம், கட்டாயமா வாங்கற சாமானுக்கு வரின்னா அதுவும் ஒரு ரோட் டேக்ஸ்தான், பேருதான் வேற.

இப்ப எண்ணெ கதைக்கு வருவோம், இங்கதான் நம்ம நாடு தலைகீழ். மத்த நாட்டுல இந்த மாதிரி வாதம் எப்படி ஆரம்பிக்கும்னா, எண்ணெல வரி இருக்கு, நெறைய ஓட்டறவன் நெறைய கட்டறான், கரண்ட் காடி வந்தா அந்த வரி போயிடுமே என்ன பண்றதுன்னு. பிரிட்டன்ல 2022ல லிட்டருக்கு 52.95 பென்ஸ் வரின்னு வெச்சாங்க. நம்ம ஊர்ல பெட்ரோலுக்கு கவர்மெண்ட்தான் காசு போடுது. நெறைய ஓட்டறவன் நெறைய வாங்கறான். வேணும்னே குனிஞ்சு பாத்தாதான் தெரியும் இது.

பழைய கதை கொஞ்சம். 2008 ஜூன் 5, பெட்ரோல் ஒரே ராத்திரியில 1.92ல இருந்து 2.70க்கு போச்சு, 78 காசு. ஜனங்க கொந்தளிச்சாங்க, கவர்மெண்ட் 2000 சிசி வரைக்கும் காடிக்கு 625 வெள்ளி, 250 சிசி வரைக்கும் மோட்டருக்கு 150 வெள்ளி திருப்பித் தரோம்னு சொல்லி போஸ்டாபிஸ்ல கியூ கட்ட வெச்சாங்க. நெனப்பு நல்லதுதான், ஆனா காசு போனது கிராண்ட்ல, அதாவது காடியோட பதிவுப் பத்திரத்துல, பேர் இருக்கறவங்களுக்கு. தோட்டத்துல பாதி காடி ஓட்டறவன் பேர்ல இருக்காது. மச்சான் பேர்ல லோன் எடுத்திருப்பாங்க, இல்ல சம்போங் பாயார், அதாவது வேற ஒருத்தரோட லோன இவன் கட்டி ஓட்டிக்கிட்டிருப்பான், கிராண்ட் மாத்தியிருக்க மாட்டான், செய்யக்கூடாததுதான் ஆனா ஊரெல்லாம் நடக்குது. இப்படிப்பட்ட வண்டிக்கு எண்ணெ வெலை ஏறினது ஓட்டறவனுக்கு, திருப்பிக் குடுத்த காசு பேர்ல இருக்கறவனுக்கு. அது போக 2000 சிசி தாண்டின பழைய வேன்காரனுக்கு அந்த 625ம் இல்ல, திரும்பவும் அதே சிசி கோடு.

2014 டிசம்பர்ல மானியத்த எடுத்து மார்க்கெட் வெலைக்கு விட்டாங்க, 2018 தேர்தலுக்கு அப்புறம் திரும்ப பிடிச்சு நிறுத்தினாங்க, 2021ல இருந்து ரான்95 பெட்ரோல் 2.05ல ரொம்ப நாள் நின்னுச்சு. நடுவுல 2019ல ஒரு திட்டம் சொன்னாங்க, தகுதி உள்ளவங்களுக்கு காடிக்கு மாசம் 30 வெள்ளி, மோட்டருக்கு 12 வெள்ளின்னு, தள்ளிப் போட்டு அப்படியே போச்சு. டீசல் 2024 ஜூன் 10ல தீபகற்பத்துல 2.15ல இருந்து 3.35க்கு ஏத்தினாங்க, தகுதியுள்ள டீசல் காடிக்காரங்களுக்கும் சின்ன தோட்டக்காரங்களுக்கும் மாசம் 200 வெள்ளி குடுத்தாங்க. அப்புறம் 2025 செப்டம்பர் கடைசியில பூடி95, அதாவது ரான்95க்கு ஆளப் பாத்துக் குடுக்கற மானியம்.

பூடி95 எனக்கு உண்மையிலேயே பிடிச்ச மாத்தம், ஏன்னா மொதல் தடவையா வண்டிய விட்டுட்டு மனுஷனப் பாத்தாங்க. சிசி கேக்கல, கிராண்ட் கேக்கல. குடிமகனா, லைசென்ஸ் இருக்கா, மைகாட (அடையாளக் கார்ட) சொருகு, லிட்டர் 1.99, ஆரம்பிச்சப்போ மாசத்துக்கு 300 லிட்டர், மத்தவங்களுக்கு 2.60. சம்போங் பாயார்காரனும் மச்சான் பேர்ல ஓட்டறவனும் மொதல் தடவையா அவங்கவங்க ஐசில எண்ணெ ஊத்தினாங்க.

ஆனா கணக்கு போட்டா ஒண்ணு உறுத்துது. ஆரம்ப வெலையில வித்தியாசம் லிட்டருக்கு 61 காசு. ஈஎக்ஸ்5 மோட்டர்ல ஈப்போ போய் வர்ற ஒருத்தருக்கு, மாசம் 26 நாள் வேலைன்னா 1560 கிலோமீட்டர், லிட்டருக்கு 50 கிலோமீட்டர்னு வெச்சா 31 லிட்டர் சொச்சம், கவர்மெண்ட் அவருக்கு போடற காசு 19 வெள்ளி. ரியா அண்ணன் அதே தூரத்துக்கு, லிட்டருக்கு 8 கிலோமீட்டர்தான் குடுக்குது அந்தக் கெழவி, 195 லிட்டர், 119 வெள்ளி. வேனுக்குள்ள ஆறு பேருன்னு வகுத்தா ஆளுக்கு 20 வெள்ளி, மோட்டர்காரருக்கு சமமா வந்துடுது பாருங்க. ஆனா 300 லிட்டரையும் முழுசா தனியா எரிக்கறவருக்கு 183 வெள்ளி, வீட்டுல இன்னொரு லைசென்ஸ் இருந்தா இன்னொரு 183. 2.05 காலத்துல எல்லையே இல்லாம வாங்கிட்டிருந்தாங்க, இப்ப எல்லை வந்திருக்கு, அது பெரிய முன்னேற்றம்தான், ஆனாலும் கொறைய எரிக்கறவனுக்கு கொறைய காசுங்கற அடிப்படை மாறல.

வெளிய நிக்கறவங்களும் இருக்காங்க. செகப்பு ஐசி, அதாவது குடியுரிமை இல்லாத நிரந்தரவாசி கார்டு, வெச்சிருக்கற தாத்தா பாட்டிங்க தோட்டப்புறத்துல எவ்வளவு பேருன்னு நம்ம ஆளுங்களுக்குச் சொல்லித் தெரிய வேணாம், இங்கயே பொறந்து இங்கயே கெழவனானவரு, குடியுரிமை ஃபாரம் எங்கயோ தூங்குது, பம்புல அவருக்கு வெளிநாட்டுக்காரன் வெலை. லைசென்ஸே எடுக்காம பல வருஷமா மோட்டர் ஓட்டறவங்க இன்னொரு கூட்டம், அதுக்கு நான் பரிஞ்சு பேச மாட்டேன், பூடி வந்த பிறகு லைசென்ஸ் எப்படி எடுக்கறதுன்னு என் கடைக்கே கேட்டு வந்தாங்க, அந்த அளவுக்கு நல்லதுதான் பண்ணியிருக்கு.

இப்ப லோரி. ரோட்டத் தேய்க்கறது யாருன்னு கேட்டா காடிக்காரங்க பதிலே சொல்ல வேணாம். 1950களோட கடைசியில அமெரிக்காவுல இல்லினாய்ஸ்ல ரோடு போட்டு லோரிய வருஷக்கணக்கா சுத்த விட்டு சோதனை பண்ணினாங்க, அதுலேர்ந்து வந்த கணக்க இன்ஜினியருங்க இன்னிக்கும் பாவிக்கறாங்க: ஒரு அச்சு மேல விழற எடை ரெண்டு மடங்கானா ரோட்டுக்கு சேதம் ரெண்டு மடங்கு இல்ல, 16 மடங்கு. பத்து மடங்கானா பத்தாயிரம் மடங்கு. அனுமதிச்சதுக்கு மேல 20 சதவிகிதம் கூட ஏத்தினாலே சேதம் டபுள். மோட்டரெல்லாம் இந்தக் கணக்குல சீரோன்னே வெச்சுக்கலாம்.

லோரிக்கு ரோட் டேக்ஸ் எடைய வெச்சுதான் போடறாங்க, ஆனா அது கிராண்ட்ல எழுதியிருக்கற எடை. வருஷத்துக்கு எத்தன தடவ ஓடுது, உண்மையில எவ்வளவு ஏத்துதுங்கறது அதுல வராது. செம்பனைக் குலை சீசன்ல எங்க பக்கத்து ரோட்டப் பாத்தா தெரியும், டயர் போற ரெண்டு தடமும் பள்ளமாகி நடுவுல மேடா நிக்கும், மோட்டர்காரன் அந்த மேட்டுல சறுக்கி விழுவான். 2025 மே 13ல தெலுக் இந்தான்ல லோரி மோதி 9 எஃப்ஆர்யு (கலகத் தடுப்பு) போலீஸ்காரங்க எறந்தாங்க, விசாரணையில அந்த லோரி அளவுக்கு மேல ஏத்தியிருந்ததுன்னு வந்துச்சு. அதுக்கப்புறம்தான் எடை, ஸ்பீட் லிமிட்டர்னு நாடே பேசிச்சு. அதுக்கு முன்னாடியும் எல்லாருக்கும் தெரியும், தெரியாத மாதிரி இருந்தோம்.

ஆக யாருகிட்ட எதுக்கு வாங்கணும்? எனக்குத் தோணறது ஒண்ணுதான். நியாயமான கணக்குக்கு வேண்டிய நம்பர் ஏற்கெனவே பேப்பர்ல இருக்கு, தினம் நம்ம கை வழியாத்தான் போகுது, யாரும் அதப் பாத்து வரி போடறதில்ல, அவ்வளவுதான்.

காடிக்கு அந்த நம்பர் மார்க்கெட் வேல்யூ. இன்ஷூரன்ஸ் புதுப்பிக்க காடி நம்பரத் தட்டினதும் இன்னிய தேதிக்கு இந்தக் காடி எவ்வளவு பெறும்னு சிஸ்டத்துலயே வந்துடும், அத வெச்சுத்தான் எவ்வளவுக்கு காப்புறுதின்னு போடறோம். அதே ஸ்கிரீன்ல கீழ ரோட் டேக்ஸ் மட்டும் சிசிய வெச்சு வருது! மேல ஒரு லைன்ல உண்மை, கீழ ஒரு லைன்ல பழங்கதை. இதுக்குப் பதிலா மொதல் 40,000 வெள்ளி மதிப்புக்கு எல்லாருக்கும் 20 வெள்ளி, அதுக்கு மேல இருக்கற மதிப்புக்கு கால் சதவிகிதம்னு வெச்சுப் பாருங்க, என் கணக்கு, ரேட்ட யாரு வேணா மாத்திக்கலாம். ரியாவுக்கு 20. பழைய ஆக்ஸியாவுக்கும் 20தான், இவங்களுக்கு ஒண்ணும் ஏறல. 2 லட்சம் பெறற மெர்சிடிஸுக்கு 420. அதுவும் அவரோட காடிக்கு வயசாக ஆக கொறஞ்சுக்கிட்டே வரும், பத்து வருஷம் கழிச்சு அத வாங்கற அடுத்த வீட்டு அண்ணன் தலையில இடியா விழாது.

ஏமாத்துவாங்களே, வெலைய கொறச்சு காட்டுவாங்களேன்னா, கொறச்சு காட்டினா காடி நசுங்கும்போது கிளெய்மும் அந்த அளவுக்கு கொறையும், அந்த பயமே போதும். பழைய காடிய ஊக்குவிக்கற மாதிரி ஆகிடும், பொகை கக்கும்னு சொல்றவங்களுக்கு பாதி நியாயம் இருக்கு. ரியா பொகைதான் கக்குது, நான் மறுக்கல. ஆனா அதுக்கு எண்ணெ வெலையே தண்டனை குடுக்குது, 195 லிட்டருக்கு மானிய வெலையிலயே மாசம் 388 வெள்ளி, 1700 வெள்ளி அடிப்படை சம்பளத்துல வேலை பாக்கறவனுக்கு அதுக்கு மேல ஒரு தண்டனை தேவையா?

கிலோமீட்டர் கணக்குல வாங்கினா என்னன்னு படிச்ச புள்ளைங்க கேப்பாங்க. நியூசிலாந்துல அப்படித்தான், டீசல் வண்டிக்கு 1970களோட கடைசியில இருந்தே, வெயிட்ட சேத்து பாத்து 1000 கிலோமீட்டருக்கு இவ்வளவுன்னு முன்கூட்டியே வாங்கணும், கரண்ட் காடிக்கும் 2024 ஏப்ரல்ல இருந்து 1000 கிலோமீட்டருக்கு 76 டாலர் அவங்க காசுல. பிரிட்டனும் கரண்ட் காடிக்கு மைலுக்கு 3 பென்ஸ்னு 2028ல இருந்து வாங்கறோம்னு சொல்லியிருக்கு. கேக்க நியாயமாத்தான் இருக்கு, ஓட்டறவன் கட்டட்டும். ஆனா நியூசிலாந்துல காடிய அடிக்கடி இன்ஸ்பெக்‌ஷன் கொண்டு போவாங்க, மீட்டர எழுதி வெச்சிடுவாங்க. நம்ம ஊர்ல சொந்தக் காடிக்கு வருஷா வருஷம் இன்ஸ்பெக்‌ஷன் கெடையாது, செகண்ட் ஹேண்ட் மார்க்கெட்ல மீட்டர் அடிக்கற கலை எப்படி வளந்திருக்குன்னு வாங்கி ஏமாந்தவங்களக் கேளுங்க. மீட்டர் கம்மியா காட்டினா வரியும் கம்மின்னு சட்டம் போட்டா அந்தத் தொழிலுக்கு கவர்மெண்டே லைசென்ஸ் குடுத்த மாதிரி.

அதுக்கு மேல இன்னொண்ணு, எனக்கு இதான் பெருசு. கேஎல்ல (கோலாலம்பூர்ல) இருக்கறவன் கொறைய ஓட்டலாம், எல்ஆர்டி, எம்ஆர்டின்னு ரயில் இருக்கு, சிங்கப்பூர்ல காடி வாங்கற உரிமைக்கே லட்சக்கணக்குல கேக்கறாங்க, 1975லயே டவுனுக்குள்ள நொழையறதுக்கு காசு வாங்க ஆரம்பிச்சிட்டாங்க, அங்க காடி இல்லாம வாழ முடியும். சுங்கை சிப்புட்ல கிலோமீட்டருக்கு காசுன்னா அது வேலைக்குப் போறதுக்கு காசு. வேணும்னா கேஎல் நடு டவுனுக்கு நெரிசல் நேரத்துல காசு வாங்கட்டும், நான் கையத் தட்டுவேன், வர்ற காசுல ஒரு பங்கு எங்க ஃபேக்டரி ஷிஃப்டுக்கு பஸ் விடட்டும், அப்புறம் வந்து எங்ககிட்ட கிலோமீட்டர் பேசட்டும்.

கரண்ட் காடி பத்தி ஒரு வரி, 2025 முடியற வரைக்கும் ரோட் டேக்ஸே இல்ல, 2026 ஜனவரில இருந்து காடியோட கரண்ட் மோட்டர் சக்திய கிலோவாட்ல பாத்து வாங்கறாங்க, 20 வெள்ளில ஆரம்பிக்குது. சிசிக்கு பதிலா கிலோவாட், சட்டி மாறியிருக்கு அவ்வளவுதான். வேல்யூ கணக்கு வந்தா பெட்ரோலுக்கும் கரண்டுக்கும் தனித்தனி பட்டியலே வேணாம்.

லோரிக்கு மட்டும் கிலோமீட்டரும் எடையும் சேத்து வாங்கலாம், ஏன்னா அங்க நம்பர் இருக்கு. குலை ஏத்திக்கிட்டு மில்லுக்குள்ள போற ஒவ்வொரு லோரியும் தீம்பாங்ல, அதாவது லோரிய எடை போடற மேடையில, ஏறி எறங்கியே ஆகணும், போகும்போது மொத்த எடை, கொட்டிட்டு வரும்போது வெறும் எடை, தேதி, நேரம், வண்டி நம்பர் எல்லாம் சீட்டுல அடிச்சு குடுப்பாங்க, ஏன்னா குலைக்கு காசு அந்த எடையிலதான். ஒரு கிலோ விட மாட்டாங்க. ரோட்டுக்கு எவ்வளவு அடி விழுந்துச்சுங்கறதுக்கு இத விட சுத்தமான சாட்சி எங்க இருக்கு? அனுமதிச்ச எடைக்குள்ள வந்தா டன்னுக்கு கிலோமீட்டருக்கு சின்ன ரேட்டு, தாண்டினா தாண்டின எடைக்கு நாலு அஞ்சு மடங்கு ரேட்டு, மாசக் கடைசியில பில்லு. ரோட்டோரத்துல ராத்திரி பகலா ஆபிசர நிக்க வைக்க வேணாம், ஃபோன்ல ஒருத்தருக்கொருத்தர் தகவல் சொல்லி சந்துல பூந்து போற வேலையும் நடக்காது.

அந்தக் காசு எங்க போகணுங்கறதும் முக்கியம். ரோட் டேக்ஸ் நடுவண் அரசோட பொதுக் கணக்குல போய் விழுது, மாநில ரோட்டுக்குத் தனியா நடுவண் மானியம்னு அரசியல் சட்டத்துலயே இருக்கு. ஆனா சுங்கை சிப்புட்ல கட்டினது சுங்கை சிப்புட் ரோட்டுக்கு வரும்னு எந்த உத்தரவாதமும் இல்ல. தோட்டத்துக்குள்ள கம்பெனி ரோடு இந்தக் கணக்குலயே சேராது, அது கம்பெனி பாடு. டன் கணக்குல வாங்கினா எந்த மில்லுக்கு எந்த வழியா எவ்வளவு போச்சுன்னு தெரியும், அந்த வழிக்கே செலவு பண்ணுன்னு கேக்க ஒரு பேப்பர் கையில இருக்கும்.

இதுக்கு எதிர்ப்பு எங்கேர்ந்து வரும்னு பாக்க லோரி கான்ட்ராக்டர் ஒருத்தர்கிட்டயே கேட்டேன், வருஷக்கணக்கா எங்கிட்ட இன்ஷூரன்ஸ் போடறவரு, ஆளு கறார். திட்டுவாருன்னு நெனச்சேன். அவரு சொன்னது வேற. "தம்பி, நான் என்ன ஆசைப்பட்டா அளவுக்கு மேல ஏத்தறேன்? டிரிப்புக்கு இவ்வளவுன்னு ரேட்ட அடிச்சு கொறைக்கறாங்க, பக்கத்து ஆளு கூட ஏத்தி கம்மி ரேட்டுக்கு ஓட்டறான், நான் சட்டப்படி ஓட்டினா லோரி லோன் கட்ட முடியாது. போடட்டும் வரிய, எல்லாருக்கும் போடட்டும். அவன் தப்பிச்சு என்ன மட்டும் பிடிச்சாத்தான் நான் செத்தேன்." கடைசியா கேட்டாரு, "ஆனா ஒண்ணு, இத நான் கூலியில ஏத்துவேன், கூலிய மில்லு குலை வெலையில கழிக்கும், அப்ப அஞ்சு ஏக்கர் வெச்சிருக்கற உங்க சித்தப்பாதான் கட்டுவாரு, அவருகிட்ட சொல்லிட்டீங்களா?"

நியாயமான கேள்வி. சின்ன தோட்டக்காரருக்கு இப்ப டீசல் உதவி குடுக்கற மாதிரியே, தீம்பாங் சீட்டுல அவரு பேர்ல வர்ற குலைக்கு ஒரு அளவு வரைக்கும் வரி இல்லன்னு வைக்கலாம், சீட்டுல விக்கறவர் பேரும் இருக்கு, செம்பனை வாரியத்தோட (எம்பிஓபி) லைசென்ஸ் நம்பரும் இருக்கு. அதுக்கு மேல வர்றத கம்பெனி தோட்டம் தாங்கட்டும்.

சித்தப்பாகிட்ட சொன்னேன். மொதல்ல உன் கடையில என் ஹைலக்ஸுக்கு டேக்ஸ கொறைக்க வழியப் பாருன்னாரு. ரியா அண்ணன் இந்த வருஷம் ஆறு மாசத்துக்கு மட்டும் புதுப்பிச்சாரு, மொத்தமா கட்ட கையில இல்ல. வேன்ல வர்ற அஞ்சு பேருகிட்டயும் எண்ணெ காசோட ரோட் டேக்ஸுக்கும் மாசம் கொஞ்சம் கேக்கலாமான்னு என்னக் கேட்டாரு. 837.60ஐ ஆறால வகுத்து, அதப் பன்னெண்டால வகுத்து, ஆளுக்கு மாசம் 11 வெள்ளி 63 காசுன்னு ஒரு துண்டு பேப்பர்ல எழுதிக் குடுத்தேன்.